விரல்களால் கேட்டவர்

நுழையும்முன்

பெரியவர்கள் நோயுற்றால் வலிக்கும் இடத்தையும் வலி தொடங்கிய காலத்தையும் மருத்துவரிடம் எடுத்துரைப்பர். பச்சிளங்குழந்தைக்கோ அழுகை ஒன்றே மொழி. சொல்லத் தெரியாத உயிரின் துன்பத்தை அறிந்துகொள்வது மருத்துவத்தின் கடினமான பணிகளுள் ஒன்று. நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து செயலாற்றுவதே மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியின் ஒவ்வொரு படியையும் குழந்தைகளுக்காகக் கடந்தவர் அமெரிக்க மருத்துவர் ஹெலன் டாசிக். எழுத்துகளை வாசிக்க இயலாமல் தடுமாறிய சிறுமி பேராசிரியராக உயர்ந்ததும், செவித்திறன் குன்றிய பெண் இதய நோயைக் கண்டறியும் வல்லுநராக விளங்கியதும் ஆகிய அரிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் இடர்களும்

ஹெலன் புரூக் டாசிக் 1898ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். உடன்பிறந்தார் நால்வருள் இவரே இளையவர். தந்தை ஃபிராங்க் டாசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியர். தாய் எடித், பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியில் தொடக்கக் காலத்திலேயே பயின்றவர். கல்வியே செல்வமாகக் கருதப்பட்ட அந்த இல்லத்தில் பிறந்த ஹெலனுக்குக் கல்வியே பெருந்துன்பமாக அமைந்தது.

எழுத்துகள் அவர் கண்முன் நிலைகொள்ளவில்லை. சொற்களைக் கூட்டிப் படிக்க முடியவில்லை, எண்களும் குழம்பின. இன்று 'டிஸ்லெக்சியா' என்று அழைக்கப்படும் இவ்வாசிப்புக் குறைபாட்டை அக்காலப் பள்ளிகள் அறிந்திருக்கவில்லை. அறிவுக்கூர்மை மிக்க குழந்தையை மந்தமானவள் என்று கருதிவிடும் சூழலில், தந்தை மட்டும் மகளின் திறத்தில் நம்பிக்கை இழக்கவில்லை. பல்கலைக்கழகப் பணிகளுக்கு இடையிலும் மகளை அருகில் அமர்த்தி, பொறுமையுடன் வாசிக்கக் கற்பித்தார். குறை எது என்று பெயரிடத் தெரியாவிட்டாலும் குழந்தையை அதன் குறையைக்கொண்டு அளக்கக் கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஹெலனுக்குப் பதினொரு வயதானபோது தாய் காசநோயால் இறந்தார். அந்நோய் ஹெலனையும் பற்றியது. சில ஆண்டுகள் அரைநாள் மட்டுமே பள்ளிக்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. இத்தனை இடர்களையும் கடந்து 1917ஆம் ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு டென்னிஸ் விளையாட்டிலும் சிறந்து விளங்கினார். பின்னர்க் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்று, 1921ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றார்.

மூடிய கதவுகள்

மருத்துவம் பயில வேண்டும் என்னும் விருப்பத்துடன் ஹெலன் ஹார்வர்டை அணுகினார். அங்கிருந்த மருத்துவக் கல்லூரி அக்காலத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. 1945ஆம் ஆண்டில்தான் அதன் வாயில் பெண்களுக்குத் திறந்தது. பொதுச் சுகாதாரப் பள்ளியில் பெண்கள் வகுப்புகளுக்கு வரலாம், பாடங்களைப் படிக்கலாம், ஆனால், பட்டம் பெற இயலாது. படிப்பை அளித்துப் பட்டத்தை மறுக்கும் அந்த ஏற்பாட்டை ஹெலன் ஏற்கவில்லை. திசுவியல் வகுப்பு ஒன்றில் மட்டும் அமர இசைவு பெற்றார். அங்கும் ஆண் மாணவர்களிடமிருந்து விலகி, தனியே ஒரு மூலையில் அமர வேண்டியிருந்தது.

பின்னர்ப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்றார். அங்கே ஆசிரியராக விளங்கிய அலெக்சாண்டர் பெக், ஒருநாள் மாட்டின் இதயம் ஒன்றை அவரிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். ஓர் உறுப்பை மட்டுமேனும் முழுமையாக அறிந்துகொள்வது நல்லது என்பது அவ்வாசிரியரின் எண்ணம். அன்று கையில் ஏந்திய இதயம் ஹெலனின் வாழ்நாள் ஆய்வுப்பொருளாயிற்று.

பெக்கின் அறிவுரையால் அவர் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். 1893இல் அக்கல்லூரி தொடங்கப்பட்டபோது பெருநிதி அளித்த பெண்கள், ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என நிபந்தனை விதித்திருந்தனர். முந்தைய தலைமுறைப் பெண்கள் திறந்துவைத்த அவ்வாயிலின் வழியே ஹெலன் நுழைந்தார். 1927ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

செவி தளர்ந்த இதய மருத்துவர்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு 'ஹாரியட் லேன் இல்லம்' என்று பெயர். அதன் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க், அங்குள்ள குழந்தைகள் இதய நோய்ச் சிகிச்சைப் பிரிவின் பொறுப்பை 1930ஆம் ஆண்டு ஹெலனிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 32. அதே காலத்தில்தான் அவரது செவித்திறன் விரைந்து குன்றத் தொடங்கியது.

இதய மருத்துவருக்குச் செவி இன்றியமையாதது. இதயத்தின் அடைப்பிதழ்கள் மூடும் ஓசையையும், இரத்தம் குறுகிய வழியில் பாயும்போது எழும் முணுமுணுப்பையும் ஸ்டெதாஸ்கோப்பின் வழியே கேட்டே அக்கால மருத்துவர் நோயை அறிந்தனர். கேட்கும் ஆற்றல் தளர்ந்தவர் அப்பணியை விட்டு விலகுவதே இயல்பு எனப் பலரும் கருதியிருப்பர். ஹெலன் விலகவில்லை. ஒலியைப் பெருக்கிக் காட்டும் ஸ்டெதாஸ்கோப்பைப் பயன்படுத்தினார். செவிப்புலன் கருவியை அணிந்துகொண்டார். எதிரே இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறியக் கற்றார். இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் கைகளைப் பழக்கினார். குழந்தையின் மார்பில் விரல்களை மெல்லப் பதித்து, இதயத்தின் துடிப்பையும் இரத்த ஓட்டத்தின் அதிர்வையும் தொட்டு உணர்ந்தார். பிறர் செவியால் கேட்டதை அவர் விரல்நுனியால் கேட்டார்.

விரல் மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே, ஒவ்வொரு குழந்தையையும் ஓர் ஒழுங்குமுறையில் ஆராய்ந்தார். உதடு, நகம், தோல் ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்தார். இதயத்தின் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி. வரைபடத்தைப் படித்தார். ஃபுளூரோஸ்கோப் என்னும் எக்ஸ் கதிர்க் கருவியின் முன் குழந்தையை நிறுத்தியும் திருப்பியும், துடிக்கும் இதயத்தின் நிழலைப் பல கோணங்களில் நோக்கினார். குழந்தை பால் குடிக்கும்போது களைக்கிறதா, அழும்போது நிறம் மாறுகிறதா, நடக்கும்போது எவ்வளவு தொலைவில் நின்றுவிடுகிறது என்பனவற்றைத் தாயிடம் கேட்டறிந்தார். தாயின் உதடுகளை உற்றுநோக்கியே விடையைப் பெற வேண்டியிருந்ததால், அவரிடம் பேசிய எந்தத் தாயும் கவனிக்கப்படாமல் போகவில்லை.

நீலநிறத்தின் காரணம்

அப்பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் ஒரு சாரார் 'நீலக் குழந்தைகள்' எனப்பட்டனர். அவர்களுடைய உதடுகளும் நகங்களும் நீலம் பாய்ந்திருக்கும். விரல் நுனிகள் முரசுக் குச்சியின் முனைபோலப் பருத்திருக்கும். சில அடி தொலைவு நடந்ததும் மூச்சிரைத்து, தாமாகவே குத்துக்காலிட்டு அமர்ந்துவிடுவர். அவ்வாறு அமர்ந்தால் சற்று மூச்சு எளிதாகும் என்பதை எவரும் கற்பிக்காமலே அவர்கள் அறிந்திருந்தனர். பலர் பள்ளிப் பருவத்தைக் கடப்பதற்குள் இறந்தனர். மருத்துவர்களால் பெற்றோருக்கு ஆறுதல் மட்டுமே கூற முடிந்தது.

பிறவி இதயக் குறைகளைப் பற்றிய அறிவு அக்காலத்தில் முற்றிலும் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் ஃபாலோ, நீலநிறத்துக்குக் காரணமான நான்கு குறைகளின் தொகுதியை 1888ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருத்தல், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலான சுவரில் துளை இருத்தல், பெருந்தமனி அத்துளையின்மேல் இடம்பெயர்ந்து அமைந்திருத்தல், வலக் கீழறையின் தசை தடித்திருத்தல் ஆகியனவே அந்நான்கு. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் மாட் அபாட், ஆயிரம் நோயாளர்களின் பிறவி இதயக் குறைகளை வகைப்படுத்தி 1936ஆம் ஆண்டில் ஒரு படநூலை வெளியிட்டார். ஆயினும் அவ்வறிவு பெரும்பாலும் இறந்தோரின் இதயங்களை அறுத்துப் பார்த்துப் பெற்றதாகும். உயிரோடு இருக்கும் குழந்தையின் மார்புக்குள் எந்தக் குறை உள்ளது என்று கூறுவதற்கு வழியில்லை. குணப்படுத்த முடியாத நோயை வகைபிரித்து அறிவதால் யாது பயன் என்ற எண்ணமும் நிலவியது.

எட்வர்ட்ஸ் பார்க் அவ்வாறு எண்ணவில்லை. பிறவி இதயக் குறைகளை ஆராயுமாறு அவர் ஹெலனைத் தூண்டினார். ஹெலன் ஒவ்வொரு குழந்தையிடமும் கண்ட அறிகுறிகளை எழுதிவைத்தார். குழந்தை இறக்க நேர்ந்தால், அதன் இதயத்தைப் பரிசோதித்துத் தம் கணிப்புடன் ஒப்பிட்டார். கணிப்பு தவறியிருந்தால் எங்கே தவறியது என்று தேடினார். ஆண்டுகள் பல கழிந்தபின், இன்ன அறிகுறிகள் கூடியிருந்தால் இதயத்தில் இன்ன குறை உள்ளது என்று உயிருள்ள குழந்தையைப் பார்த்தே கூறும் திறம் அவருக்குக் கைவந்தது.

அவ்வாறு தொடர்ந்து நோக்கியபோது ஒரு புதுமை புலப்பட்டது. தாயின் கருப்பையில் உள்ள குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை. ஆகவே, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு நாளம் கருவில் இயங்குகிறது. பிறந்த சில நாள்களில் அது தானே மூடிக்கொள்கிறது. நலமான குழந்தைக்கு அது மூடுவதே நன்மை. ஆனால், நீலக் குழந்தைகள் சிலருடைய நிலை அந்நாளம் மூடியபின் திடீரெனச் சீர்கெட்டதை ஹெலன் கண்டார். நாளம் திறந்தே இருந்த குழந்தைகளோ ஓரளவு நலமாக இருந்தனர். குறுகிய வழியால் நுரையீரலுக்குச் செல்ல இயலாத இரத்தம், அச்சிறு நாளத்தின் வழியே சென்று ஆக்சிஜனைப் பெற்று வந்தது என்பதே இதன் பொருள். குழந்தைகள் துன்புற்றது இதயம் வலிமை இழந்ததால் அன்று. நுரையீரலுக்குப் போதிய இரத்தம் சென்று சேராததால் என்பது தெளிவாயிற்று. நோய் சரியாக அறியப்பட்டதும், அதைத் தணிக்கும் வழியும் கண்ணுக்குத் தென்பட்டது. இயற்கை மூடிய நாளத்துக்கு ஈடாக மனிதர் ஒன்றைப் படைத்தால் என்ன என்று ஹெலன் எண்ணினார்.

வழி தேடிய பயணம்

மூடாமல் திறந்திருக்கும் அந்நாளத்தைக் கட்டி மூடும் அறுவையை, பாஸ்டன் நகர மருத்துவர் ராபர்ட் கிராஸ் 1938ஆம் ஆண்டு வெற்றியுடன் செய்தார். நாளத்தை மூடத் தெரிந்தவருக்குப் புதிதாக ஒன்றை அமைக்கவும் முடியும் எனக் கருதிய ஹெலன், அவரை நேரில் கண்டு தம் கருத்தை விளக்கினார். கிராஸ் அதில் ஆர்வம் காட்டவில்லை. ஹெலன் பால்டிமோருக்குத் திரும்பி, நீலக் குழந்தைகளைக் கவனிக்கும் பணியைத் தொடர்ந்தார்.

1941ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் அறுவை மருத்துவத் துறைக்குத் தலைமைப் பொறுப்பேற்று வந்தார். அவருடன் ஆய்வக உதவியாளராக வந்தவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின இளைஞர். தச்சுத் தொழில் அறிந்த தாமஸ், மருத்துவம் பயில விரும்பிப் பணம் சேர்த்துவைத்திருந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி வீழ்ந்தபோது அச்சேமிப்பு முழுவதும் அழிந்தது. கல்லூரிக்குச் செல்ல இயலாமல் பிளேலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அவர், அறுவை நுட்பங்களைத் தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்தார். ஆய்வாளருக்குரிய பணியைச் செய்தபோதும் துப்புரவுப் பணியாளர் என்னும் நிலையிலேயே ஊதியம் பெற்றார்.

நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுசேர்க்க ஒரு புதிய வழி வேண்டும் என்னும் சிக்கலை ஹெலன் அவ்விருவரிடமும் எடுத்துரைத்தார். கைக்குச் செல்லும் தமனி ஒன்றைத் திருப்பி நுரையீரல் தமனியுடன் இணைக்கும் முறையை, வேறொரு நோக்கத்துக்காக அவர்கள் முன்பே விலங்குகளில் செய்து பார்த்திருந்தனர். அதனை நீலக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு மாற்றும் பொறுப்பைத் தாமஸ் ஏற்றார். ஏறத்தாழ ஈராண்டு அவர் நாய்களிடம் சோதனை நடத்தினார். மெல்லிய குழாய்களைத் தைப்பதற்கேற்ற கருவிகளையும் உருவாக்கினார். அறிந்தவர் ஒருவர், செய்முறையை வகுத்தவர் ஒருவர், அறுவைக்குத் துணிந்தவர் ஒருவர் என மூவரின் ஆற்றலும் ஒன்றுகூடியது.

1944 நவம்பர் 29

அன்று பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்று அறுவை அரங்குக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் எடை சற்றேறக்குறைய நான்கு கிலோ மட்டுமே. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் எடைதான் அது. அதன் தமனிகள் நூலளவே இருந்தன. பிளேலாக் அதற்குமுன் அவ்வறுவையை எந்த மனிதருக்கும் செய்ததில்லை. தாமஸ் தம் பின்னால் நிற்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரு சிறு முக்காலியின்மேல் நின்று அவர் தோளுக்கு மேலாக நோக்கிய தாமஸ், தையலின் ஒவ்வொரு கட்டத்திலும் வழிகாட்டினார். ஹெலனும் அருகிலிருந்தார். இடக்கைக்குச் செல்லும் தமனி, நுரையீரல் தமனியுடன் இணைக்கப்பட்டது. குழந்தை பிழைத்தது, மெல்ல மெல்லத் தேறியது.

1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேலும் இரு குழந்தைகளுக்கு அறுவை நடைபெற்றது. அவர்களுள் ஒருவன் நடக்கவும் இயலாதிருந்த ஆறு வயதுச் சிறுவன். இணைப்பு முடிந்து, தமனியைப் பிடித்திருந்த கவ்விகள் அகற்றப்பட்டதும் அவனுடைய நீல உதடுகள் அங்கேயே செந்நிறமாக மாறின. ஹெலன் கருத்தளவில் கண்டிருந்த உண்மை அன்று கண்ணெதிரே நிகழ்ந்தது.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பிளேலாக்கும் ஹெலனும் தம் கட்டுரையை வெளியிட்டனர். செய்தி பரவியதும் பல நாடுகளிலிருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளைச் சுமந்துகொண்டு பால்டிமோருக்கு வந்தனர். குழந்தையின் இதயத்தில் கத்தி வைப்பது இயலாது என்றிருந்த எண்ணம் மாறி, குழந்தைகள் இதய அறுவை என்னும் புதிய துறை வளர்ந்தது.

இவ்வெற்றிக்குள் ஒரு துயரமும் உண்டு. முதல் அறுவை செய்யப்பட்ட பெண் குழந்தையிடம் சில மாதங்களில் நீலநிறம் மீண்டும் தோன்றியது. அடுத்த ஆண்டே அக்குழந்தை இறந்தது. அவ்வறுவை இதயத்தின் குறையை முழுமையாக நீக்கவில்லை. வாழும் காலத்தை நீட்டித்துத் தந்தது. அக்காலநீட்டிப்பைப் பெற்ற குழந்தைகள் பலர், பிற்காலத்தில் இதயத்தையே திறந்து குறையைச் சரிசெய்யும் அறுவை வரும்வரை உயிர் வாழ்ந்தனர்.

மற்றொரு குறையையும் வரலாறு பதிவு செய்துள்ளது. 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் விவியன் தாமஸின் பெயர் இடம்பெறவில்லை. பிளேலாக், டாசிக் ஆகிய இருவரின் பெயராலேயே அறுவை முறை அழைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டில்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தாமஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இன்று மருத்துவ உலகில் பலர் மூவரின் பெயரையும் சேர்த்தே அம்முறையைக் குறிக்கின்றனர்.

கருவறைக்குள் புகுந்த நஞ்சு

ஹெலன் 1947ஆம் ஆண்டு பிறவி இதயக் குறைகளைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். பல நாட்டு இளம் மருத்துவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1959ஆம் ஆண்டு அவர் முழுப் பேராசிரியராக உயர்ந்தார். ஓய்வுபெறும் காலம் நெருங்கிய வேளையில் அவருடைய வாழ்வின் மற்றொரு பெரும்பணி வந்து சேர்ந்தது.

1962ஆம் ஆண்டு தொடக்கத்தில், அவரிடம் பயிற்சி பெற்ற ஜெர்மன் மருத்துவர் ஒருவர் அவரைக் காண வந்தார். கைகால்கள் முழுமையாக வளராமல், தோளிலிருந்தே விரல்கள் முளைத்தாற்போன்ற தோற்றத்துடன் குழந்தைகள் ஜெர்மனியில் மிகுதியாகப் பிறப்பதாக அவர் கூறினார். தாலிடோமைடு என்னும் மருந்தின்மேல் ஐயம் எழுந்திருப்பதையும் தெரிவித்தார். அம்மருந்து 1957ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியில் விற்கப்பட்டது. தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் ஏற்றது, தீங்கற்றது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கருவுற்ற பெண்கள் வாந்தியையும் குமட்டலையும் தணிக்க அதனை உட்கொண்டனர். ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ், 1961ஆம் ஆண்டு நவம்பரில் அம்மருந்தைப் பற்றி எச்சரித்தார். அம்மாதமே அது ஜெர்மன் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

செய்தியைக் கேட்ட ஹெலன் காத்திருக்கவில்லை. 63 வயதில் ஜெர்மனிக்குப் பயணமானார். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் தங்கி, பாதிக்கப்பட்ட குழந்தைகளை நேரில் கண்டார். அங்குள்ள மருத்துவர்களுடன் கலந்தாய்ந்தார். கரு உருவான மூன்றாவது வாரத்தின் முடிவு முதல் ஐந்தாவது வாரம் வரையிலான காலமே பேரிடர் நிறைந்த காலம் என்பது தெரியவந்தது. கை, கால், காது, இதயம் ஆகியவை உருக்கொள்ளும் நாள்கள் அவை. தான் கருவுற்றிருப்பதைப் பெண் உறுதியாக அறியாமல் இருக்கக்கூடிய நாள்களும் அவையே. அந்நாள்களில் உட்கொண்ட ஒரே ஒரு மாத்திரையும் குழந்தையின் உருவைச் சிதைக்கப் போதுமானதாக இருந்தது.

உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் அம்மருந்தை விற்க இசைவு கேட்டு விண்ணப்பம் வந்திருந்தது. உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஃபிரான்சஸ் கெல்சி, சான்றுகள் போதா எனக் கூறி இசைவளிக்க மறுத்துவந்தார். நாடு திரும்பிய ஹெலன், தாம் கண்டவற்றை மருத்துவர் மாநாட்டிலும் நாடாளுமன்றக் குழுவின் முன்பும் எடுத்துரைத்தார். இதழ்களில் கட்டுரை எழுதினார். தாய்க்குத் தீங்கற்ற மருந்து கருவுக்கும் தீங்கற்றதாக இருக்கும் என்று கருதுவது பெருந்தவறு என்பதை வலியுறுத்தினார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் மருந்துச் சட்டம் திருத்தப்பட்டது. எந்த மருந்தும் பாதுகாப்பானது என்பதோடு பயன் தருவது என்பதற்கும் சான்று காட்டப்பட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

கருப்பை எல்லாத் தீங்கையும் தடுத்துவிடும் அரண் என்னும் பழைய நம்பிக்கை இவ்வாறு தகர்ந்தது. தாய்க்கு வரும் ருபெல்லா என்னும் தட்டம்மை வகை நோய் குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் கெடுப்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தியிருந்தார். மதுவின் தீங்கு பிறகு தெளிவாயிற்று. மதுவால் பாதிக்கப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி பிரான்சில் 1968ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் அந்நோய்த் தொகுதிக்குப் பெயரிட்டனர். தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. குறுகிய கண்பிளவு, மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலான பள்ளம் மறைந்திருத்தல், வளர்ச்சிக் குறைவு, கற்றலிலும் நடத்தையிலும் இடர்ப்பாடு ஆகியன அதன் அறிகுறிகள். எல்லாக் குழந்தைகளிடமும் முகக்குறிகள் தோன்றுவதில்லை. அந்நோயை உறுதிப்படுத்தத் தனியொரு இரத்தப் பரிசோதனையும் இல்லை. குழந்தையை உற்றுநோக்கி, அளந்து, தாயைக் குற்றவாளியாக்காமல் கேட்டறிவதே நோயறியும் வழி. ஹெலன் தம் பிரிவில் நாள்தோறும் கைக்கொண்ட வழியும் அதுவே.

ஓயாத உள்ளம்

ஹெலன் 1963ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், விடுதலைக்கான குடியரசுத் தலைவர் பதக்கத்தை அவருக்கு வழங்கினார். 1965ஆம் ஆண்டு அமெரிக்க இதயச் சங்கத்தின் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே.

பதக்கங்களைவிட அவர் மதித்த செல்வம் வேறு. தம்மிடம் நீல உதடுகளுடன் வந்த குழந்தைகள் வளர்ந்து, கல்வி கற்று, பணிக்குச் சென்று, தாமே பெற்றோரானதைக் கண்டு மகிழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் நோயாளர் பலருடன் வாழ்நாள் முழுவதும் தொடர்பு கொண்டிருந்தார். சிகிச்சை முடிந்ததோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என்று கருதி, அவர்களின் நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து கட்டுரைகளாக வெளியிட்டார்.

முதுமையில் பென்சில்வேனியா மாநிலத்தின் கென்னட் ஸ்கொயர் என்னும் ஊரில் வாழ்ந்தார். இதயக் குறை ஏன் தோன்றுகிறது என்னும் கேள்வி அப்போதும் அவரை விடவில்லை. மனிதக் குழந்தையிடம் காணும் குறைகள் பறவைகளிடமும் உண்டா என அறிய, பறவைகளின் இதயங்களை ஆராய்ந்தார். 1986ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், தேர்தலில் வாக்களிப்பதற்காக நண்பர்களைத் தம் காரில் அழைத்துச் சென்றபோது நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். 88 வயது நிறைவதற்கு நான்கு நாள்களே இருந்தன. மாட்டின் இதயம் ஒன்றைக் கையில் ஏந்தி ஆய்வைத் தொடங்கிய அவர், தம் உடலை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்துக்கே ஆய்வுக்காக அளித்துச் சென்றார்.

குணப்படுத்த வழியில்லாத காலத்திலும் நோயைச் சரியாக அறிய முற்பட்டதே ஹெலன் டாசிக்கின் பெருமை. அந்த அறிவு ஆயத்தமாக இருந்ததால்தான் அறுவைக்குரிய கைகள் வந்து சேர்ந்தபோது குழந்தைகள் பிழைத்தனர். எழுத்தை வாசிக்கத் திணறியவர் குழந்தைகளின் உடலை வாசித்தார். ஒலியை இழந்தவர் எவரும் செவிமடுக்காத இதயங்களைக் கேட்டார். பேச இயலாத குழந்தையின் துன்பத்தை அறிவதற்கு நிறைந்த புலன்களைவிட நிறைந்த கவனமே தேவை என்பது அவர் வாழ்வு உணர்த்தும் உண்மை.